வாசகர் கேள்வி – பதில்: வேற்று மதத் தோழமையும் வெளிநாட்டுப் படிப்பும்

கேள்வி: என் மகள் கோவையில் விடுதியில் தங்கி பி.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறாள். அவளுடைய அறைத் தோழி கீழக்கரையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். விடுமுறைக்கு அந்த வீட்டுக்குச் சென்றிருந்தபோது, தோழியின் பாட்டி அரபு எழுத்தில் இருந்த தமிழ்ப் பாடல்களைப் படித்துக் காட்டினாராம். அதிலிருந்து, இந்தோனேசியா சென்று சமயங்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்று உறுதியாக நிற்கிறாள். ஒறம்பரைகள் (உறவினர்கள்), "புள்ள மதம் மாறிப் போயிருமுங்க" என்று பயமுறுத்துகிறார்கள். தோட்டத்தை அடமானம் வைக்க என் கணவருக்கும் மனம் வரவில்லை. நான் என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், பெருந்துறை

பதில்: ஒறம்பரைகளின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அம்மா. 1880 அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீர்களா என்று உ.வே. சாமிநாதையரிடம் கேட்டார். நம் சேலத்துக்காரர் ஒருவர் கேட்ட அந்தக் கேள்விதான் ஐயரைப் பழந்தமிழ் ஏடுகளின் பக்கம் திருப்பியது. சைவ மடத்துச் சூழலில் தமிழ் பயின்ற அவருக்குச் சிந்தாமணியிலிருந்த சமணக் கருத்துகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களின் வீடு தேடிச் சென்று பழகி, அவர்கள் அந்த நூலை ஓதும் முறையைக் கண்டு, ஐயங்களைக் கேட்டுத் தெளிந்த பிறகே 1887-இல் அதைப் பதிப்பித்தார். அந்த நட்பு அவருடைய சைவப் பற்றைக் குறைக்கவில்லை. நமக்கு ஒரு பெருங்காப்பியத்தைப் பிழையின்றிப் படிக்கும் வழியைத் தந்தது. நாளை உங்கள் மகளின் நம்பிக்கை எப்படி இருக்கும் என்பதற்கு நானோ வேறு எவரோ உறுதி தர முடியாது. அது பருவம் வந்த பெண்ணின் சொந்த மனம். ஆனால் பிற சமயத்தைக் கற்க விரும்புவதையே மதமாற்றத்தின் முதற்படி என்று அஞ்சுவதற்கு நம் தமிழ்க் கல்வி வரலாற்றில் இடமில்லை.

அவள் இந்தோனேசியாவைத் தேர்ந்ததற்கும் நல்ல காரணம் இருக்கிறது. அந்தப் பாட்டி படித்துக் காட்டியது அரபுத் தமிழ். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களில் வேரூன்றிய மரபு. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதன் பெரும்புலவர்களில் ஒருவர். அரபியில் இல்லாத ப, ங, ஞ போன்ற ஒலிகளைக் குறிக்க, இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை உருவாக்கிக்கொண்ட அதே வழியை, இந்தோனேசியத் தீவுகளில் வழங்கும் மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியிலும், ஜாவானிய மொழியை அவ்வாறே எழுதும் பேகோனிலும் காண்கிறோம். கதைகளும் அவ்வாறே பயணம் செய்திருக்கின்றன. யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டு விடை பெறும் ஆயிரமசலா, வண்ணப்பரிமளப் புலவரால் 1572-இல் மதுரையில் அரங்கேற்றப்பட்டது. அதே கதை மலாயிலும் ஜாவானிய மொழியிலும் வழங்குகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண் மலாயும் ஜாவானிய மொழியும் அரபு எழுத்தும் கற்றுக்கொண்டால், இந்த மூன்று மரபுகளையும் மூல மொழியிலேயே ஒப்பிட்டுப் படிக்க முடியும். அப்படிப் படிக்கக்கூடியவர்கள் உலகிலேயே மிகக் குறைவு என்பதால், அவளுடைய ஆவலை ஏதோ வயதுக் கோளாறு என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலுள்ள காஜா மாடா பல்கலைக்கழகத்தில், சமயங்களையும் பண்பாடுகளையும் ஒப்பிட்டுக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பு 2000-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது; பயிற்றுமொழி ஆங்கிலம். அந்த நகரத்தில் இன்னொரு சிறப்பும் உண்டு. காஜா மாடாவும், சுனன் காலிஜாகா அரசு இஸ்லாமியப் பல்கலைக்கழகமும், டூட்டா வாச்சானா கிறித்தவப் பல்கலைக்கழகமும் ஒன்றுசேர்ந்து சமய ஆய்வில் முனைவர் பட்டப் படிப்பை நடத்துகின்றன. ஓர் இஸ்லாமிய நிறுவனமும் ஒரு கிறித்தவ நிறுவனமும் ஒரே மாணவரை வழிநடத்தும் அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி உங்கள் மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தோழி ஒரு மதத்தின் பிரதிநிதி அல்லள். தொழுகை, நோன்பு, முக்காடு என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடமே விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தால், நட்பு நேர்காணலாக மாறிவிடும். ஒரு குடும்பத்துப் பழக்கத்தை உலக முஸ்லிம்கள் அனைவரின் வழக்கமாக எண்ணும் பிழையும் நேரும். கேள்வி எழுந்தது தோழியின் வீட்டில் என்றாலும், விடையை நூல்களிலும் ஆசிரியர்களிடமும் தேடட்டும். பட்டம் முடிந்ததும் ஓராண்டு ஊரிலிருந்தபடியே அரபு எழுத்தையும் மலாயின் அடிப்படையையும் கற்கச் சொல்லுங்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் அரபுத் துறை உண்டு; அங்குள்ள ஆசிரியர்களிடம் வழி கேட்கலாம். அந்த ஓராண்டுக்குப் பிறகும் ஆவல் தணியாமல் இருந்தால், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் நோக்கக் கடிதத்தில் எழுதுவதற்கு அவளிடம் நட்பின் நினைவோடு தெளிவான ஆய்வுக் கேள்வியும் இருக்கும். தேர்வுக் குழு இரண்டாவதையே தேடும்.

தோட்டத்தை அடமானம் வைக்க வேண்டாம். முதலில் உதவித்தொகைகளுக்கு விண்ணப்பிக்கட்டும். கடன் தேவைப்பட்டாலும், ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. நான்கு லட்சத்தைத் தாண்டினால் சில வங்கிகள் மூன்றாம் நபரின் பிணை கேட்கலாம்.

கேள்வி: எங்கள் மகனுக்கு சிறு வயதிலிருந்தே கிறித்தவ நண்பன் ஒருவன். இருவரும் ஜெபமாலை அன்னை திருவிழாவுக்கும் மாரியம்மன் பொங்கலுக்கும் ஒன்றாகவே போவார்கள். நண்பன் ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குச் செல்கிறான் என்றதும் இவனும் போக வேண்டும் என்கிறான். அனுப்பலாமா?
— ஒரு தந்தை, கருமத்தம்பட்டி

பதில்: அந்த நட்பு நீடூழி வாழட்டும். ஆனால் நண்பன் போகிறான் என்பது மட்டும் படிப்புக்குக் காரணமாகாது. எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம், ஏன் என்று மகனே ஒரு பக்கம் எழுதித் தரட்டும். எழுத முடிந்தால் பேசலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். எனினும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. விசாவுக்காக ஓராண்டுச் செலவுத் தொகையை முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) முன்னதாகவே செலுத்திக் காட்டவும் வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

கேள்வி: நான் முஸ்லிம், வரலாறு படிக்கிறேன். ஆர்.எஸ். புரத்தைச் சேர்ந்த சமண நண்பனோடு பழகியதில் சமணத்தை ஆழ்ந்து படிக்கும் ஆசை வந்தது. வெளிநாட்டில் இதற்கு வாய்ப்பு உண்டா? என்னைப் போன்றவன் இதைப் படிப்பது பொருத்தமா?
— ஒரு மாணவர், உக்கடம், கோவை

பதில்: முழுக்கவும் பொருத்தம், தம்பி. முஸ்லிம் அறிஞரான அல்-பிரூனி சமஸ்கிருதம் கற்று, இந்தியரின் சமயத்தையும் அறிவியலையும் பற்றி அரபியில் எழுதிய பெருநூலை 1030-ஆம் ஆண்டளவில் முடித்தார். நீங்கள் அத்தகைய வழியில் நடக்கிறீர்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரியில் சமண ஆய்வுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. அதற்கு முன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சமணவியல் துறையில் முதுகலை படிப்பது நல்ல அடித்தளமாகும்.

கொங்கு நாட்டின் சமணத் தடங்களையும் நேரில் பாருங்கள். விசயமங்கலத்துச் சந்திரப்பிரபர் கோயிலையும், அரச்சலூர் மலையில் இசை எழுத்துகள் பொறிக்கப்பட்ட தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டையும் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, பழைய சமண நூல்களின் மொழியான பிராகிருதத்தைக் கற்கத் தொடங்குங்கள். உங்கள் நண்பனின் குடும்பம் வடக்கிலிருந்து வந்ததாக இருக்கலாம்; தமிழ்ச் சமணர்களின் வழிபாட்டு மரபும் ஊர் வரலாறும் வேறு. இரண்டையும் தனித்தனியே அறிந்த பிறகு, எதை ஆய்வது என்று முடிவு செய்யுங்கள்.