பட்டாளத்தில் நடந்த பாலியல் கொடுமை: ஓய்வுபெற்ற பிறகு எங்கே காட்டுவது?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். பேரையூர் பக்கம் இருக்கிறோம். பயிற்சிக் காலத்தில் மேலதிகாரி ஒருவர் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததைப் போன மாதம்தான் அழுதுகொண்டே சொன்னார். ராத்திரியில் அலறி எழுகிறார். தினமும் குடிக்கிறார். யாரிடம் காட்டுவது? வெளியே தெரிந்தால் பென்ஷன் நின்றுவிடுமா?

பதில்: மனநலச் சிகிச்சைக்குப் போனார் என்பதற்காக பென்ஷனை நிறுத்த மாட்டார்கள் சகோதரி. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். புகார் கொடுப்பது வேறு, வைத்தியம் பார்ப்பது வேறு. வைத்தியத்துக்குச் சாட்சி வேண்டாம், செய்தவன் பெயரையும் சொல்ல வேண்டாம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் துறை இந்தப் பாதிப்புக்கு ஆண், பெண் இருவருக்கும் ஆதாரம் கேட்காமல் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. நம் ஊரில் இருக்கிற வழிகளைச் சொல்கிறேன்.

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால், அதன் பாலிகிளினிக் மருத்துவரிடம் "தூக்கமில்லை, கெட்ட கனவு வருகிறது, மனநல மருத்துவரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னால் போதும், எழுதிக் கொடுப்பார். ஆனால் அங்கே வேலை பார்ப்பவர்களில் பலரும் முன்னாள் படைவீரர்கள். தெரிந்த முகம் இருக்குமோ என்று அவர் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். நேரே மதுரை பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டுப் போடுங்கள். அங்கே சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. நேரில் போகவே கூச்சமென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

இதற்கென்றே பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. 'தப்பு என்னுடையதுதான்' என்று மனதில் இறுகிப்போன எண்ணத்தை எடுத்துப் பார்த்து மாற்றும் முறைக்கு ஏறக்குறைய 12 அமர்வுகள் ஆகும். செர்ட்ராலின் போன்ற மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய சில வாரம் பிடிக்கும். நாலு நாளில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்திவிடக் கூடாது.

குடி விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தியம் வாங்கி நிறுத்த வைக்காதீர்கள். எவ்வளவு குடிக்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அலறி எழும்போது தொட்டு உலுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அவருக்கு அது உங்கள் கை என்று தெரியாது. லைட்டைப் போட்டு, இரண்டடி தள்ளி நின்று, "நம்ம வீட்லதான் இருக்கீங்க, நான்தான்" என்று சொல்லுங்கள். "பட்டாளத்துக்காரர், ஏன் திருப்பி அடிக்கவில்லை?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. அந்த நொடியில் எவ்வளவு பலசாலிக்கும் உடம்பு உறைந்து போகும். அதைச் சம்மதம் என்று நினைத்துத்தான் பல ஆண்கள் முப்பது வருஷம் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். உங்களிடம் சொல்ல அவருக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டியிருந்திருக்கும்!

வழக்குப் போடுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ராணுவச் சட்டப்படி ராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. ஆனால் இவ்வளவு கடுமையான குற்றத்துக்குப் பொதுக் குற்றவியல் சட்டத்தில் கால வரம்பு இல்லை. 15100-க்குப் போன் செய்தால் சட்ட உதவி மையத்தில் விவரம் சொல்வார்கள். கொஞ்சம் தேறிய பிறகு யோசிக்கட்டும், அவசரமில்லை.

ஒன்றில் மட்டும் அவசரம் உண்டு. செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தால், இப்போதைக்கு அதை வீட்டைவிட்டு அகற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.