வேலை பார்த்துக்கொண்டே பட்டம்: சுங்கை சிப்புட்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிப்பதைப் பற்றிப் பேசியபோது நேரம் போதவில்லை. தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்துக்கொண்டே 36 வயதில் பட்டப்படிப்பில் சேர்ந்து, 42-இல் பட்டம் வாங்கியவள்.

அக்கா, லாப நோக்கமில்லாத கல்லூரி என்றால் கட்டணம் கிடையாதா?

கட்டணம் உண்டு, தம்பி. மிஞ்சும் பணத்தை யாரும் லாபமாகப் பிரித்துக்கொள்ள முடியாது, அது படிப்புக்கே திரும்பிப் போக வேண்டும். அதுதான் வித்தியாசம். பினாங்கில் 2006-இல் தொடங்கிய வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அப்படிப்பட்டது. ஓர் அறக்கட்டளையின் கீழ், வேலை பார்க்கும் பெரியவர்களை மனதில் வைத்து ஆரம்பித்தார்கள். இயாப் சோர் ஈ குடும்பத்தார் தங்கள் மாளிகையையே அதற்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் பிறந்த, ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது, பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் சேர்த்த காசில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பலர் சேர்த்த பணத்தில் பொதுக் காரியம் நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சரியாக வரவில்லை. செம்பனைத் தோட்டத்தில் 12 வருடம் மண்டோர் (மேற்பார்வையாளர்). எனக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது, அண்ணன். கல்லூரியில் ஏப்பல் (APEL) என்று கேளுங்கள். வேலை அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் முறை அது. பட்டப்படிப்புக்கு 21 வயது, டிப்ளோமாவுக்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும், சேரும் துறைக்குப் பொருந்திய அனுபவமும் வேண்டும். ஒரு தேர்வு இருக்கும், செய்த வேலைகளுக்கான ஆதாரக் கோப்பும் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "மண்டோர்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) எத்தனை பேருக்கு வேலை பிரித்தீர்கள், குலை எடையை எப்படிக் கணக்கு வைத்தீர்கள், விபத்து நடந்தால் யாருக்கு அறிக்கை எழுதினீர்கள், எல்லாம் வர வேண்டும். பழைய நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அரசு வேலைதான் குறி என்றால் எஸ்.பி.எம். மலாய் மொழித் தேர்ச்சியைத் தனியாகக் கேட்பார்கள். இல்லையென்றால் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதுங்கள்.

கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்டு வேலை, இரண்டு பிள்ளைகள். எத்தனை வருடம் ஆகும் அக்கா?

கணக்கைத் திறந்தே சொல்கிறேன், தங்கச்சி. பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு. ஒரு பாடம் 3 கிரெடிட் என்றால் 40 பாடம். ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு என்பது நாட்டின் கணக்கு. அதாவது ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம். 15 வாரத்தில் முடிக்க வாரம் 8 மணி நேரம், இரண்டு பாடம் எடுத்தால் 16. வருடத்துக்கு மூன்று பருவம், பருவத்துக்கு இரண்டு பாடம் என்று போனால் ஏழு வருடத்தை நெருங்கும். மூன்று பாடம் எடுத்தால் நாலரை வருடம்.

முதல் பருவத்தில் ஆசைப்பட்டு நான்கு எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன், இரண்டில் தோற்றேன். அப்புறம் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எந்த இரண்டு இரவு நீங்கள் சமையலறைப் பக்கம் வரமாட்டீர்கள் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். என் படிப்பு நின்றுபோகாமல் காத்தது அந்த இரண்டு இரவுகள்தான்.

தேர்வே இல்லாமல் ஆறு மாதத்தில் டிகிரி தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

வேண்டாம், ஐயா. பணம் கொடுப்பதற்கு முன் மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் கல்லூரிப் பெயரோடு, நீங்கள் சேரும் அதே பாடத்திட்டத்தின் பெயரையும் தேடிப் பாருங்கள். கல்லூரி இருக்கும், பாடத்திட்டம் இருக்காது, அப்படியும் நடக்கும். நான் ஓரிடத்தில் பார்க்காமல் 600 ரிங்கிட் முன்பணம் கட்டி ஏமாந்தேன். அது என் அம்மா கூட்டு (சீட்டு) கட்டிச் சேர்த்த காசு. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா?

எடுக்கலாம். 2024 மே முதல் சேமிப்பு மூன்று கணக்காகப் பிரிந்திருக்கிறது. கல்விக்கு அவற்றில் ஒன்றான அக்கவுன் செஜாத்தெராவிலிருந்து எடுக்கலாம், சொந்தப் படிப்புக்கும் பிள்ளைகள் படிப்புக்கும். ஆனால் ஒரே தடவையில் வழித்து எடுக்காமல் பருவத்துக்குப் பருவம் தேவையானதை மட்டும் எடுங்கள்.

எனக்கு 52 வயது. வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறது.

அம்மா, என் வகுப்பில் ஓய்வு பெறப்போகும் தாதி ஒருவர் முன்வரிசையில் உட்காருவார். அவர் குறிப்பேட்டைத்தான் நாங்கள் எல்லாரும் கடன் வாங்கிப் படித்தோம். வருகிற சனிக்கிழமை காலை உங்கள் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தை உட்கார்ந்து சேர்ந்தே நிரப்புவோம்.