வேல்ஸ்: எது பழசு, எது புதுசு? – கேள்வி பதில்

மார்ச் 1, வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் டேவிட்டின் திருநாள். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

பிரிட்டன் கொடியில் வேல்ஸின் சிவப்பு டிராகன் ஏன் இல்லை?

அந்தக் கொடியின் முதல் வடிவம் 1606இல் வந்தது. அதற்கு முன்பே எட்டாம் ஹென்றி 1536, 1543 ஆண்டுச் சட்டங்களால் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்துவிட்டார். தனி நாடாகவே கணக்கில் இல்லாததற்குக் கொடியில் எப்படி இடம் கிடைக்கும்? வேடிக்கை என்னவென்றால், அவருடைய அப்பா ஏழாம் ஹென்றி வெல்ஷ் வம்சாவளி. 1485இல் பாஸ்வொர்த் போருக்குச் சிவப்பு டிராகன் கொடியோடுதான் போனார். அப்பா தூக்கிய டிராகனுக்கு, மகன் போட்ட சட்டங்களால் பிரிட்டன் கொடியில் இடமில்லாமல் போனது. வெள்ளை, பச்சை மேல் டிராகன் நிற்கும் இன்றைய கொடி அதிகாரபூர்வமானது 1959இல்தான்.

தேசியச் சின்னம் லீக்கா, டாஃபடில் பூவா?

இரண்டும். லீக் தடித்த வெங்காயத்தாள் மாதிரி இருக்கும். இலங்கை வாசகர்களுக்கு லீக்ஸ் என்றால் உடனே புரியும். இங்கிலாந்தில் குடியேறிய சாக்சன் மக்களோடு நடந்த போரில், தம் ஆட்களை அடையாளம் காண வெல்ஷ் வீரர்கள் அதைச் செருகிக்கொண்டார்கள் என்பார்கள். கதைதான், வரலாறு என்று நம்ப வேண்டாம். டாஃபடில் ரொம்பப் பிந்தி வந்தது. வெல்ஷ் மொழியில் அதன் பெயரே 'பேதுருவின் லீக்'! மார்ச்சில் பூக்கும், சட்டையில் குத்தினால் நாறாது. அதனால்தான் ஜெயித்தது என்பது என் ஊகம். ராணுவத்தின் வெல்ஷ் படைப்பிரிவில் மட்டும் இன்றும் லீக்தான்: மார்ச் 1 அன்று இளைய சிப்பாய் பச்சை லீக்கைக் கடித்துத் தின்றாக வேண்டும்.

குதிரை மண்டையோட்டோடு வீடு வீடாகப் போவார்களாமே?

அதன் பெயர் மாரி லூய்ட். நிஜமான குதிரை மண்டையோட்டைக் கம்பில் பொருத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டுவார்கள். துணிக்குள் இருப்பவர் தாடையைப் படக் படக்கென்று அடிப்பார். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில், பெரும்பாலும் தெற்கு வேல்ஸில் நடக்கும். வாசலில் வந்தவர்கள் பாடியே உள்ளே விடச் சொல்லிக் கேட்க, வீட்டுக்காரரும் பாடியே மறுக்க, கிண்டல் ஏறிக்கொண்டே போகும். பதில் பாட்டு வராமல் யார் திணறுகிறாரோ அவர் தோற்றார். தோற்பது அநேகமாக வீட்டுக்காரர்தான். அப்புறம் கதவைத் திறந்து தின்னவும் குடிக்கவும் கொடுக்க வேண்டும். கிறிஸ்தவத்துக்கு முந்தைய சடங்கு என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எழுத்தில் கிடைக்கும் முதல் வர்ணனையோ 1800ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

கவிதைக்கு நாற்காலி பரிசு என்பது நிஜமா?

நிஜம். 1176இல் கார்டிகன் கோட்டையில் ரிஸ் பிரபு கவிஞர்களுக்கும் இசைஞர்களுக்கும் போட்டி வைத்து, வென்றவருக்கு நாற்காலி கொடுத்தார். அதன் வாரிசுதான் ஒவ்வோர் ஆகஸ்டிலும் முழுக்க வெல்ஷ் மொழியில் நடக்கும் தேசிய ஐஸ்டெத்வொட் விழா. நம் எதுகை மோனையைவிடவும் கறாரான ஒலியிசைவு விதிகளில் நீண்ட மரபுக்கவிதை எழுதி, புனைபெயரில் அனுப்ப வேண்டும். வென்ற புனைபெயரை மேடையில் அறிவிக்கும்போதுதான், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கவிஞர் எழுந்து நிற்பார்.

1917இல் பெயரை அழைத்தார்கள், யாரும் எழவில்லை. ஹெத் வின் என்று அறியப்பட்ட அந்த ஆட்டிடையர், ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்முனையில் இறந்திருந்தார். காலி நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். ட்ராஸ்வினித் ஊர்ப் பக்கம் அவருடைய பண்ணை வீட்டில் அந்த நாற்காலியை இன்றும் பார்க்கலாம்.

அந்த விழாவில் நீள அங்கியோடு வருபவர்கள் பழங்கால துருயிட் பூசாரிகளா?

இல்லை. அந்தச் சடங்கை 1792இல், அதுவும் லண்டனில், இயோலோ மோர்கானுக் என்ற கல்தச்சர் தொடங்கினார். பழைய ஓலை என்று தானே எழுதிக் காட்டும் ஆள் அவர்! ஆனால் அந்தச் சடங்கை நடத்தும் சபையில் இன்று பெரிய கவிஞர்களே உறுப்பினர்கள். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. 200 வருடம் கொண்டாடினால் அதுவும் மரபுதானே?

காதலர் தினம் தனியாக உண்டா?

உண்டு. ஜனவரி 25, புனித த்வின்வென் நாள். மரத்தில் செதுக்கிய காதல் கரண்டி பரிசு. செயின்ட் ஃபாகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667ஆம் ஆண்டுக் கரண்டி ஒன்று இருக்கிறது.

மார்ச் 1 அன்று எப்படி வாழ்த்துவது?

'டீத் கூய்ல் டெவி ஹாபிஸ்.' டெவி என்பது டேவிட்டேதான். உச்சரிப்பு தவறினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்; திருத்திவிட்டுச் சிரிப்பார்கள்.