துணையின்றி அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு

கேள்வி: எனக்கு 63 வயது. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. கடைசி ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். ‘உடல்நலத்திலும் நோயிலும்’ என்று வாக்குக் கொடுத்துத்தான் கல்யாணம் செய்தோம். என் பங்கை நான் செய்துவிட்டேன். இப்போது எனக்குப் பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி மூலம் (வயிற்றில் சிறு துளைகள் போட்டு) எடுக்க வேண்டுமாம். பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. இருவரும் சேர்ந்து கொடுக்கும் அந்த வாக்கில், பின்னால் எஞ்சி நிற்பவருக்குத் திரும்பி வர ஒன்றும் இருப்பதில்லை. கணவர் இடத்துக்கு ஒரே ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார். அவர் செய்திருக்கக்கூடிய வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆள் கிடைக்கும்.

முதலில் ஆஸ்பத்திரிப் பதிவைப் பாருங்கள். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் இன்னும் கணவர் பெயரும் எண்ணும் இருக்கக்கூடும். மாற்றச் சொல்லுங்கள். நினைவோடு இருக்கும்வரை சம்மதக் கையெழுத்து உங்களுடையதுதான். நினைவு தப்பினால் உங்களுக்காகப் பேசுவது யார் என்பதை எழுத்தில் கொடுங்கள். அதற்கான படிவம் உண்டா என்றும் கேளுங்கள். படிவத்தைவிட முக்கியம், எதற்கு ஒப்புவீர்கள், எது வேண்டாம் என்று அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவது.

பலர் மறக்கும் ஒன்று உண்டு. மயக்க மருந்து டாக்டர், ‘குறட்டை விடுவீர்களா, தூக்கத்தில் மூச்சு நிற்குமா?’ என்று கேட்பார். தனியாகத் தூங்குகிறவர் ‘தெரியாது’ என்பார். பக்கத்தில் படுத்திருந்த சாட்சி போய்விட்டாரே! ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது என்ன சொல்வார் என்று யோசியுங்கள். ‘உன் குறட்டையில் தூக்கமே போச்சு’, ‘திடீரென்று மூச்சு நின்ற மாதிரி இருந்தது’ என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கத்துக்குப் பிறகு உங்களை எவ்வளவு நேரம் கண்காணிப்பது, எந்த வலி மருந்து கொடுப்பது என்பதையே அது மாற்றலாம்.

பட்டினி நேரத்தை உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும். பொதுவாக லேசான உணவு 6 மணி நேரத்துக்கு முன், எண்ணெய்ப் பண்டம் 8 மணி நேரத்துக்கு முன், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன் நிற்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிட்டால் எதை எப்போது நிறுத்துவது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வீடு திரும்பியதும் முதல் 24 மணி நேரம் யாராவது ஒருவர் உடன் தங்கியே ஆக வேண்டும். இதில் சமரசம் இல்லை. அந்த ஒரு நாளுக்கு வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது எதுவும் கூடாது. ஆள் கிடைக்காவிட்டால், இரவு வார்டிலேயே தங்க முடியுமா என்று தேதி குறிக்கும்போதே கேளுங்கள். அறுவை முடிந்த பிறகு கேட்டால் படுக்கை இருக்காது.

தோளில் ஒரு வலி வரலாம். வயிற்றை விரிக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள தசையை) உறுத்துவதால் வருவது. கொஞ்சம் நடந்தால் சில நாளில் போகும். முன்கூட்டித் தெரியாவிட்டால் நள்ளிரவில் தனியாகக் கிடந்து மாரடைப்போ என்று நடுங்குவீர்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. ‘துக்கத்தால்தான்’ என்று ஒதுக்கவும் கூடாது. கண் மஞ்சளானாலும், வயிற்றுவலி நாளுக்கு நாள் கூடினாலும், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள்.

மாத்திரை போட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அரைமயக்கத்தில் ‘போட்டோமா?’ என்று சந்தேகம் வரும்; கேட்டுச் சொல்ல யாரும் இல்லாததால் இரண்டாவது முறையும் போட்டுவிடுவீர்கள். பாராசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக்கூடாது. எடை குறைவாகவோ கல்லீரல் பழுதாகவோ இருந்தால் அதைவிடக் குறைவு. சளி மாத்திரை பலவற்றிலும் அதுவே ஒளிந்திருக்கும்.

கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொல்வார்கள். மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவி உலோகத்தின் வழியே தோலைச் சுடலாம், விரலும் வீங்கலாம் என்பதுதான் காரணம். அறுவை அரங்கின் வாசலில் வைத்து அவசரமாக உருவ விடாதீர்கள். முதல் நாளே, வீட்டில், சோப்புத் தண்ணீர் விட்டு நீங்களே கழற்றி நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள். மோதிரம் கழலவில்லை என்றால் நர்சிடம் முன்பே சொல்லுங்கள். திரும்பி வந்ததும் உடனே மாட்டத் தோன்றும். விரல் வீங்கியிருந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.