அந்த ஆய்வில் எதை அளந்தார்கள்?

கேள்வி: நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. "புதிய ஆய்வில் கண்டுபிடிப்பு" என்று தினமும் ஒரு செய்தி கண்ணில் படுகிறது. அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தி வந்துவிட்டதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விரிவுரையைக் குறைத்து மாணவர்களையே செய்யவிட வேண்டும் என்கிறது இன்னோர் ஆய்வு. முயன்று பார்த்தால், "நீங்களே நடத்திடுங்க மிஸ், அப்பதான் புரியுது" என்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்துவரும் என் அக்கா, அது மார்பகப் புற்றுநோயை 26 சதவீதம் கூட்டும் என்று எங்கோ படித்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறார். ஆய்வாளர் அல்லாத நான் எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: நீங்கள் கேட்டிருப்பவை மூன்று துறைக் கேள்விகள். ஆனால் மூன்றையும் ஒரே இடத்திலிருந்து தொடங்கலாம். தலைப்பு என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஆய்வில் கையால் தொட்டு அளந்தது எது, எப்போது அளந்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். நான் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்டவன். பெரும்பாலான குழப்பம், அளந்த பொருளுக்கும் சொல்லும் முடிவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் பிறக்கிறது.

மாணவர்களின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருளைப் பற்றி இணையத்தில் கட்டுரை ஏற்றியது. அது ப்ரீபிரிண்ட், அதாவது துறை அறிஞர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிடப்படும் கட்டுரை. கூடவே ஒரு காணொளி: மீக்கடத்தி மிதப்பதைப்போல் காந்தத்தின்மேல் ஒரு சின்னத் துண்டு பாதி எழும்பி நிற்கிறது. ஆனால் ஒரு முனை கீழே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் அளந்தது ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் மின்தடை சட்டென விழுவதை. மீக்கடத்தி என்பது அதற்குத் தரப்பட்ட விளக்கம். மாதிரியில் கலந்திருந்த காப்பர் சல்பைடு அதே வெப்பநிலையில்தான் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும், மின்தடையும் அங்கேதான் விழும் என்பதைச் சில வாரங்களில் மற்றவர்கள் காட்டினார்கள். ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்பில்லாத படிகமாக வளர்த்துப் பார்த்தபோது, கிடைத்தது ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் கல். மின்சாரத்தை அது கடத்தவே இல்லை. ஆகவே உங்கள் மாணவர்களுக்குப் பதில்: எல்கே-99 மீக்கடத்தி அல்ல.

வகுப்பில் சொல்ல இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்திலிருந்து அனுப்பிய நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஏறத்தாழ 730 கிலோமீட்டர் தள்ளி, இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில் இருந்த ஓபெரா கருவிக்கு, ஒளி வந்துசேர வேண்டிய நேரத்துக்கு 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்று தலைப்புகள் எழுதின. அந்தக் குழுவோ, எங்கே பிழை என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, மற்றவர்களும் பாருங்கள் என்றுதான் கேட்டது. அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அவர்கள் அளந்தது வேகத்தை அல்ல, இரண்டு கடிகாரங்களுக்கு நடுவிலான வித்தியாசத்தை. கடைசியில், ஜிபிஎஸ் நேரத்தை முதன்மைக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் ஒளியிழை கேபிளின் இணைப்பு சரியாக இறுக்கப்படாமல் இருந்தது தெரிந்தது. 2012இல் அதே மலைக்கடியில் இன்னொரு கருவியான இக்காரஸ் அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளிவேகத்தில்தான் வந்தன. இயற்பியலில் வேறொரு கருவி, வேறொரு குழு அதையே காணும்வரை காத்திருக்கலாம். பெரும்பாலும் நீண்ட நாள் ஆகாது.

உங்கள் வகுப்பறைக் கேள்வி இவ்வளவு எளிதல்ல. அதில்தான் எனக்கு ஆர்வமும் அதிகம். ஏனென்றால் உங்கள் மாணவர்கள் சொன்ன அதே வார்த்தையை ஹார்வர்டில் ஓர் ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வில், கல்லூரி முதல்நிலை இயற்பியல் மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல விரிவுரை; மறுபாதிக்கு அதே பாடம், அதே கணக்குகள், ஆனால் சிறு குழுக்களாக உட்கார்ந்து முதலில் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த பாடத்துக்கு இரண்டு பாதியையும் மாற்றிப் போட்டார்கள். வகுப்பு முடிந்ததும் இரண்டு விஷயங்களை அளந்தார்கள்: எவ்வளவு கற்றதாகத் தோன்றுகிறது என்ற கேள்வி ஒன்று, தேர்வு ஒன்று. விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் மதிப்பெண் கூடியது தாங்களே போட்டுப் பார்த்தவர்களுக்கு.

சரளமாக ஒருவர் விளக்கும்போது எல்லாம் புரிந்தமாதிரி இருக்கும். தானே முட்டி மோதும்போது ஒன்றும் புரியாதமாதிரி இருக்கும். ஆகவே "நீங்களே நடத்துங்க" என்பதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் உணர்வதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உணர்வு கற்றலின் அளவுகோல் அல்ல. பருவத் தொடக்கத்திலேயே இதை மாணவர்களிடம் வெளிப்படையாக விளக்கிவிடுங்கள் என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் யோசனையும்.

எப்போது அளந்தார்கள் என்பதும் முடிவையே திருப்பிப்போடும். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில் மாணவர்கள் சூரியனைப் பற்றியோ கடல் நீர்நாயைப் பற்றியோ ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு குழு நான்கு வேளையும் திரும்பத் திரும்பப் படித்தது, சராசரியாக 14 தடவை. இன்னொரு குழு ஒரு வேளை மட்டும் படித்தது, ஏறத்தாழ 3 தடவை. மீதி மூன்று வேளையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் 40, 61. ஐந்து நிமிடத்தோடு ஆய்வு நின்றிருந்தால் நேர் எதிரான முடிவு செய்தியாகியிருக்கும். கல்வி ஆய்வு எதைப் படித்தாலும் இதைத் தேடுங்கள்: சோதனை எப்போது வைத்தார்கள்?

சரி, ஒரு கல்லூரியில் நடந்த ஆய்வை நம்பி என் வகுப்பை மாற்றலாமா என்றால், அதை மட்டும் நம்ப வேண்டாம். 2014இல் ஃப்ரீமன் குழு இத்தகைய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை வகுப்புகளில் தோற்றவர்கள் 33.8 சதவீதம், செயல்வழி வகுப்புகளில் 21.8. திசை உறுதியாகத் தெரிகிறது. ஆனால் அவை கல்லூரி வகுப்புகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை குறைவாக இருக்கும். முதலில் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்ததை அவர்களிடம் விடுவது நல்லது என்பது என் கருத்து. நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு பாடத்தை இப்படியும் இன்னொரு பாடத்தை அப்படியும் நடத்திவிட்டு, சொல்லாமல் ஒரு வாரம் கழித்து ஐந்து கேள்வி கேளுங்கள்.

இனி அக்காவின் மாத்திரை. பயத்துக்குக் காரணமான அந்த 26 சதவீதம் பெண்கள் நல முன்முயற்சி என்ற பெரிய அமெரிக்கச் சோதனையிலிருந்து வருவது. 2002இல் வெளியானது, 16,608 பெண்கள், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை. எண் சரிதான். ஆனால் அது ஒப்பீட்டு எண். நேரடியாகச் சொன்னால், மருந்தில்லாத மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல், 10,000 பேருக்கு ஆண்டுக்கு 8 பேர். இதை அற்பம் என்று நான் சொல்லமாட்டேன், ஆண்டுகள் போகப்போக அது சேரும். ஆனால் "26 சதவீதம்" என்று கேட்டதும் நாலில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மனம் எடுத்துக்கொள்கிறதே, அது தவறு. அதே சோதனையில் இடுப்பெலும்பு முறிவு 10,000 பேருக்கு ஆண்டுக்கு 15இலிருந்து 10ஆகக் குறைந்தது. அந்தச் செய்தி அக்காவின் கண்ணில் பட்டிருக்காது.

அந்தச் சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. உங்கள் அக்கா ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருந்தால் அந்தக் கணக்கை அப்படியே அவருக்குப் போட முடியாது. கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களின் முடிவு தனியாக 2004இல் வந்தது. அவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. எந்த மாத்திரை என்பதே பதிலை மாற்றுகிறது.

மருத்துவத்தில் நான் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. மாரடைப்புக்குப் பின் இதயம் தாளம் தப்பித் துடிப்பவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே தாளத்தைச் சீராக்கினால் உயிர் தப்பும் என்று மருத்துவர்கள் நம்பி, எங்கைனைடு, ஃப்ளெக்கைனைடு என்ற மருந்துகளைக் கொடுத்துவந்தார்கள். தாளம் சீராகவும் செய்தது. பிறகு யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லாத மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 1991இல் வந்த முடிவில், மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், மருந்தில்லாத மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். அதுவரை அளந்துகொண்டிருந்தது தாளத்தை. நோயாளிக்கு வேண்டியிருந்ததோ உயிர்.

புதிது என்பதற்காகவே எதையும் ஒதுக்கவும் வேண்டாம். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி சோதனை, கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்ததன் முடிவைச் சொன்னபோது, கட்டுரை அச்சாகும் முன்பே மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், குலுக்கல் பிரிப்பு, அளந்தது 28 நாளில் இறப்பு. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆனது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பயன் தெரியவில்லை. அந்த இரண்டாவது வரியையும் சேர்த்துப் படிப்பவர்தான் ஆய்வைப் படித்தவர்.

மருத்துவச் செய்தி ஒன்றைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் கட்டுரையின் சுருக்கத்தைத் தேடுங்கள். மனிதர்களிடமா எலிகளிடமா, குலுக்கல் உண்டா, இரு பக்கமும் எத்தனை பேருக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும். அதே கேள்விக்குப் பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பு இருந்தால் தனி ஆய்வை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

அக்காவிடம் மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கட்டும். இதில் எந்தெந்த ஹார்மோன் இருக்கிறது, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு கழித்துத் தொடங்கினேன், குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைவோ இருந்திருந்தால் என் கணக்கு எப்படி மாறும், இன்னும் எத்தனை ஆண்டு எடுக்கலாம் என்று வரிசையாகக் கேட்கட்டும். ஆபத்து எவ்வளவு என்று மருத்துவர் சதவீதத்தில் சொன்னால், ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு என்று மாற்றிச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டு வரட்டும்.