கனமான மரக்கிண்ணம் ஏன் வெடிக்குது? லேத்து பிடிச்சவங்களோட கேள்விகளும் என் பதிலும்

இந்த தடவ வந்த கேள்வியில பாதிக்கு மேல விரிசல் பத்திதான், அதனால அதையே முதல்ல எடுத்துக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

பெஞ்சல் புயல்ல எங்க வீட்டு பூவரசு சாஞ்சிடுச்சு. அந்த கட்டையில 10 இஞ்ச் கிண்ணம், சுவர் ஒரு இஞ்ச் கனத்துல கடைஞ்சேன். ரெண்டே வாரத்துல அடியில வெடிச்சிருச்சு. மரம் சரியில்லயா? (அரியாங்குப்பம்)

மரத்து மேல தப்பே இல்லங்க. பூவரசு அருமையான மரம், வைரம், அதாவது உள்ள இருக்குற கெட்டி மரம், சாக்லேட் கலர்ல வரும், மத்த மரத்த விட கம்மியாதான் சுருங்கும், ஹவாய் தீவுல காலங்காலமா சாப்பாட்டு கிண்ணமே இந்த மரத்துல செஞ்சிருக்காங்க, சாப்பாட்டுல மர வாசனை ஏறாதுன்னு.

நடந்தது என்னன்னா, பச்சை மரத்துல ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு கீழ எறங்கும்போதுதான் மரம் சுருங்கவே ஆரம்பிக்கும். மெல்லிசு கிண்ணம்னா உள்ளயும் வெளியவும் ஒண்ணா காயும், கொஞ்சம் கோணிக்கிட்டு தப்பிச்சிரும். கனமான சுவர்ல மேல்தோல் காஞ்சு இறுக்குது, உள்ள இன்னும் ஈரம், விட்டுக்கொடுக்க மாட்டேங்குது, அந்த இழுபறியில எது பலவீனமோ அது பிளந்துக்கும். உங்களுக்கு அடியில வெடிச்சதுன்னா எனக்கு ரெண்டு சந்தேகம். சுவர் ஒரு இஞ்ச், அடி ரெண்டு இஞ்ச்னு விட்டிருப்பீங்க, இல்லன்னா கட்டையோட நடுமையம் கிண்ணத்துக்குள்ளயே மாட்டியிருக்கும். நடுமையம் இருந்தா வெடிப்பு கிட்டத்தட்ட நிச்சயம். அடுத்த துண்ட நீளவாக்கில மையத்தோட ரெண்டா பிளந்து, மையத்த ஒட்டி ஒரு விரல்கட மரத்த கழிச்சிட்டு அப்புறம் லேத்துல ஏத்துங்க.

அதோட ஒரே மூச்சுல முடிக்காதீங்க. முதல் கடைசல்ல சுவரும் அடியும் ஒரே கனமா ஒண்ணேகால் இஞ்ச் விட்டுடுங்க. வெட்டுமுகத்துல, அதாவது நார் குறுக்கா வெட்டுபட்டு முனை தெரியுற பக்கத்துல, மெழுகுவர்த்திய உருக்கி தடவி, கடைஞ்ச சுருளையே போட்டு பிரவுன் பேப்பர் பையில மூடி, காத்து நேரா அடிக்காத மூலையில வைங்க, மொட்டமாடி வெயில் வேணவே வேணாம். வாரத்துக்கு ஒருக்கா கிச்சன் தராசுல எட போட்டு, பென்சில்ல கிண்ணத்து மேலயே எழுதிட்டு வாங்க. நாலு வாரம் எட மாறலன்னா காஞ்சாச்சு. நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகையில எட திரும்ப ஏறும், பயப்படாதீங்க, அது மழைக்காத்து ஈரம். அதுக்குள்ள வட்டம் முட்டை மாதிரி ஆயிருக்கும், ஏன்னா மரத்தோட வளர்ச்சி வளையத்த ஒட்டின திசையில சுருங்குறது, மையத்துலேர்ந்து பட்டைய நோக்கி சுருங்குறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த கோணல சரி பண்றதுக்குத்தான் கூடுதல் கனம் விடுறோம், ரெண்டாவது கடைசல்ல உங்க ஒரு இஞ்ச் கிடைச்சிரும்.

நான் கடைசலுக்கு வந்ததே 2011 டிசம்பர் 30, தானே புயலுக்கு அப்புறம்தான். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பா சாஞ்சு கெடந்துச்சு, எல்லாம் விறகுக்கு போறத பாக்க மனசு கேக்கல. முதல் வருஷம் நான் கடைஞ்ச பலா கிண்ணத்துல பாதிக்கு மேல வெடிச்சிருச்சு, மேல சொன்னது அத்தனையும் அதுல கத்துக்கிட்டதுதான்.

நல்லா காஞ்ச கிண்ணம், ஒரு வருஷம் வீட்ல இருந்துச்சு. டெல்லியில இருக்குற தங்கச்சிக்கு குடுத்தேன், மே மாசம் வெடிச்சிருச்சு. (கடலூர் தேவனாம்பட்டினம்)

கடலோரத்துல காஞ்சதுன்னா கடலோர காத்துக்கு ஏத்த ஈரத்துல நிக்குதுன்னு அர்த்தம், அவ்ளோதான். டெல்லி கோடக்காத்து அதவிட ரொம்ப வறட்சி, அங்க போயி மரம் இன்னொரு தடவ சுருங்குது. வெளியூருக்கு குடுக்கற கிண்ணத்த கடைசி கடைசலுக்கு முன்னாடி ஏசி ரூம்ல ஒரு மாசம் போல வச்சு எட பாருங்க. சுவரையும் முக்கா இஞ்சுக்கு கொண்டாந்திடுங்க.

உளி திடீர்னு கடிச்சு கட்ட பறந்துச்சு. ஸ்பீடு எவ்ளோ வைக்கணும்? (லாஸ்பேட்டை)

அடிபடலயே, அது போதும். விட்டத்த இஞ்ச்ல எடுத்து ஆர்பிஎம்மால பெருக்கினா 6000லேர்ந்து 9000க்குள்ள இருக்கணும், அப்ப 12 இஞ்ச் கட்டைக்கு 500லேர்ந்து 750. கரடுமுரடா இருக்குற கட்டைன்னா அதுக்கும் கீழ இருந்து ஆரம்பிங்க, லேத்து ஆடுறது நிக்கிற வரைக்கும் ஏத்தாதீங்க. ஸ்விட்ச் போடும்போது கட்டைக்கு நேரா நிக்காதீங்க, முகம் முழுக்க மூடுற ஷீல்டு இல்லாம தொடவே தொடாதீங்க, துண்டு, தொளதொள சட்ட, லுங்கி எதுவும் கிட்டவே வரக்கூடாது.

கட்டில்கால் கடையுற பெரிய ரஃபிங் கவுஜ (கவுஜ்னா குழிவான உளி) கிண்ணத்துக்கு போடுறீங்களான்னு பாருங்க. கைப்பிடிக்குள்ள போற அதோட வால் மெல்லிசு, கிண்ணத்துல கடிச்சா ஒடஞ்சே போயிரும். இதுக்குன்னு இருக்குற பவுல் கவுஜ் வாங்குங்க, முதல்ல உளியோட சரிவ மரத்துல ஒட்டவச்சு அப்புறமா வெட்டுக்கு திருப்புங்க. வெளிப்பக்கம் அடியிலேர்ந்து விளிம்புக்கு, உள்பக்கம் விளிம்புலேர்ந்து நடுவுக்கு.

சாப்பாடு வைக்க என்ன எண்ண போடலாம்? தேங்காண்ண ஓகேவா? (நெல்லிக்குப்பம்)

தேங்காண்ண காயாது, நாளாக ஆக சிக்கு வாடை வரும். மெடிக்கல்ல கிடைக்குற லிக்விட் பாரஃபின்ல கொஞ்சம் தேன்மெழுகு உருக்கி தடவுங்க, மங்கும்போது திரும்ப தடவணும். ஆளிவிதை எண்ண நல்லா கெட்டியாகும், ஆனா ஹார்ட்வேர் கடை டப்பாவுல வர்றதுல சீக்கிரம் காய கெமிக்கல் கலந்திருக்கும், சாப்பாட்டு கிண்ணத்துக்கு நான் தொடமாட்டேன். முக்கியமா, ஆளிவிதை எண்ண தொடச்ச துணிய சுருட்டி மூலையில போடாதீங்க, அதுவா சூடாகி தீப்புடிக்கும். விரிச்சு வெளியில காயப்போடுங்க.

எந்தெந்த மரம் ஆகாது? (வில்லியனூர்)

அரளியும் எட்டியும் விஷம், சாப்பாட்டு பக்கமே கொண்டுவராதீங்க. முந்திரிப்பட்டையில வர்ற பால் தோல புண்ணாக்கும், மாமரமும் அதே குடும்பம்தான், பச்சையா கடையும்போது கைய பாத்துக்குங்க. வேம்பு கிண்ணம் அழகு, ஆனா கசப்பு ஏறும். சவுக்கு இரும்பு மாதிரி, ரொம்ப வெடிக்கும், முதல் கிண்ணத்துக்கு வேணாம். பலா, தூங்குமூஞ்சி, பூவரசு இந்த மூணுல ஆரம்பிங்க. பலா இன்னிக்கு மஞ்சளா இருக்கும், வெளிச்சம் படப்பட தேன் கலருக்கு போயிரும்.

கனமா விட்டா தெரியாத்தனமா செஞ்ச மாதிரி இருக்குன்னு வீட்ல சொல்றாங்க. (நெய்வேலி)

எங்க பாட்டி வீட்ல உப்பும் புளியும் போட்டு வைக்க மரவை இருந்துச்சு, சுவர் அர இஞ்சுக்கு மேல, யாரும் அத தெரியாத்தனம்னு சொன்னதில்ல. கனம் கண்ண உறுத்தலங்க, வெளி வளைவு உறுத்துது. அடி அகலமா, பக்கம் நேரா நின்னா கல்லு மாதிரிதான் தெரியும். அடிய விட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு சுருக்கி, அங்கேர்ந்து விளிம்பு வரைக்கும் எங்கயும் ஒடையாத ஒரே வளைவா கொண்டுபோங்க, விளிம்ப உள்பக்கம் லேசா சாச்சு விடுங்க. அப்புறம் அதே கனத்த அவங்க கையிலயே குடுத்து பாக்க சொல்லுங்க.