உப்புக் காற்றும் கை மெஷினும்: பட்டறைக்காரர் பதில்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் 26 வருடமாக மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டுகிறேன். ட்ரில், கிரைண்டர், ரம்பம் என்று கை மெஷின்களும் பழுது பார்க்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்குக்கு இங்கே பதில்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகைக் கரையேற்றி வேலை பார்க்கிறோம். வருடம் முழுக்கப் படகிலேயே கிடந்த கிரைண்டரை எடுத்து ஓட்டினால், தலைப்பக்க இரும்பில் கை பட்டதும் லேசாக ஜிவ்வென்று பிடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியவில்லை. அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், பாம்பன்

ஓட்டக் கூடாது தம்பி. இதைப் படித்ததும் முதலில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது தொடங்கிப் பத்து நாளில் என் பட்டறை நிறைந்துவிடும். வருவதில் பாதிக்கு மேல் உங்களுடையது மாதிரிதான், பத்து மாதம் சும்மா கிடந்த மெஷின். நம் கரையில் தினமும் ஓடும் மெஷினை விடச் சும்மா கிடப்பதுதான் சீக்கிரம் கெடுகிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடல். ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து உப்பு வந்துகொண்டேதான் இருக்கும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு எத்தனை கோட் பெயிண்ட் அடித்திருப்பார்கள்! அந்த இரும்பையே உப்பு தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது.

உங்கள் மெஷினுக்குள் நடந்தது இதுதான். ஓட ஓட, சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்து தூளாகி உள்ளே படியும். அந்தத் தூள் கரண்டைக் கடத்தும். அதன் மேல் உப்பும் சேர்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். நம் ஊர் ராத்திரிக்கு அது சர்வ சாதாரணம். கரியும் உப்பு ஈரமும் சேர்ந்த அந்தப் பசை, கார்பன் உட்காரும் இடத்திலிருந்து தலைப்பக்க இரும்பு வரை கரண்டுக்குப் பாதை போட்டுவிடுகிறது.

மெஷினின் பெயர்த் தகட்டைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருந்தால் அது இரட்டைக் காப்பு மெஷின், அதாவது கரண்டு வெளியே கசியாமல் இரண்டு அடுக்குத் தடுப்பு உள்ளது. எர்த் ஒயர் கிடையாது, பிளக்கில் இரண்டு பின்தான். உள்ளே காப்பு நன்றாக இருக்கும் வரை கவலையில்லை. அது கெட்டால் கசியும் கரண்டு உங்கள் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும். இன்று செருப்பு தடுக்கிறது. நாளைக்கு அதே செருப்பு நனைந்திருக்கும், கை வியர்த்திருக்கும், கால் ஈர மணலில் இருக்கும். உடம்பில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். ஜிவ்வென்று பிடிக்கிற மெஷின் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது, கேளுங்கள்.

மெஷினைப் பிரித்து, காற்றடித்து, கரியைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, மெக்கர் (காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். 7 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. அப்புறம், கரையில் கரண்ட் எடுக்கும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று கட்டாயம் போடுங்கள். "எம்.சி.பி. இருக்கிறதே" என்பார்கள். எம்.சி.பி. லோடு கூடினால் விழுந்து ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் மெஷினைப் படகில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் உள் ஈரம் ஓரளவு காயும்.

ட்ரில் மெஷினில் பின்பக்கம் பொறி பறக்கிறது. ஆர்மேச்சர் போய்விட்டதா?
– வாசகர், கீழக்கரை

கார்பன் முனையில் சின்ன நீலப் பொறி இருப்பது இயல்பு. ஆர்மேச்சரை, அதாவது உள்ளே சுழலும் காயில் பாகத்தை, சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால்தான் நிறுத்த வேண்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கி, கார்பனைக் கழற்றிப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றிய பிறகும் வளைய நெருப்பு நிற்கவில்லை என்றால் மெஷினைக் கொண்டு வாருங்கள்.

நான் படகுத் தச்சன். 4 இஞ்ச் கிரைண்டரில் கார்டை (வீலை மூடும் தகடு) கழற்றிவிட்டு 5 இஞ்ச் வீல் போடுகிறோம், ஆழமாக வெட்டும். பலகைக்குப் பல் வைத்த பிளேடும் அதிலேயே மாட்டுகிறோம். எல்லோரும் செய்வதுதானே?
– வாசகர், தொண்டி

எல்லோரும் செய்வதுதான் அண்ணே. நானும் செய்தேன். 2009-ல் எஞ்சின் உட்காரும் பெட் ஒன்றின் துருப்பிடித்த போல்ட்டை அறுக்க, கை நுழையவில்லை என்று கார்டைக் கழற்றியவன் நான்தான். வீல் உடைந்து ஒரு துண்டு இடது கையில் இறங்கியது. இன்றும் அந்தக் கட்டை விரல் முழுதாக மடங்காது. காயில் கட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் அது எனக்குத் தெரியும்.

4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். கணக்குப் போட்டால் வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் வரும். அதைத் தடுக்க அந்தத் தகடு ஒன்றுதான் இருக்கிறது. 4 இஞ்ச் வீலின் ஓட்டை 16 மில்லிமீட்டர், 5 இஞ்சுக்கு 22-க்குக் கொஞ்சம் மேல். மாட்டினால் மையம் விலகி அதிரும். 7 இஞ்ச் வீலை நினைக்கவே வேண்டாம், அது தாங்குவதே 8,500 சுற்றுதான். வீலில் அச்சடித்திருக்கும் சுற்று, மெஷினில் எழுதியிருப்பதை விட அதிகமாக இருக்க வேண்டும். நடு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும். ஈரம் பட்ட வீல், கீழே விழுந்த வீல் இரண்டையும் குப்பையில் போடுங்கள். புது வீலை மாட்டியதும் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள்.

பல் பிளேடு இன்னும் மோசம். பலகையில் பல் மாட்டினால் மெஷினே கையைத் திருகிக்கொண்டு உங்கள் பக்கம் எகிறும். மரத்துக்கு அடித்தகடு உள்ள வட்ட ரம்பம் வாங்குங்கள். கைலியை இறுக்கிக் கட்டுங்கள், கழுத்தில் துண்டு வேண்டாம். கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணையுங்கள். பூட்டிய சுவிட்சோடு கீழே வைத்த மெஷின், கரண்ட் வந்ததும் தானாக ஓடிக் காலை வெட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

என் மகன் பைபர் படகு தேய்க்கும் வேலைக்குப் போகிறான். ராத்திரி முழுக்க உடம்பைச் சொறிகிறான், மூன்று வாரமாக இருமலும் இருக்கிறது. சொன்னால் கேட்பதில்லை.
– ஒரு தாய், தங்கச்சிமடம்

அம்மா, அரிப்புக்குக் காரணம் கண்ணாடி நாரின் தூள். வந்ததும் தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள், பிறகுதான் சோப்பு. அந்தச் சட்டையை வீட்டுத் துணிகளோடு ஊற வைக்காதீர்கள். முகத்தில் துண்டு கட்டினால் அந்தத் தூள் நிற்காது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்-95 மாஸ்க்காவது வேண்டும், கண்ணுக்குப் பக்கமும் மூடிய கண்ணாடி. தூள் தன் மேல் வராதபடி காற்றுப் பார்த்து நிற்கட்டும். தூள் அடங்கட்டும் என்று கரண்ட் மெஷின் ஓடும் இடத்தில் தண்ணீர் தெளிக்க மட்டும் வேண்டாம்.

மூன்று வார இருமலுக்கு நான் பதில் சொல்லக் கூடாது. இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நீங்களும் கூடப் போய், பைபர் தேய்க்கிறான் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வயசுப் பிள்ளைகள் அதைச் சொல்லாமல் வந்துவிடுவார்கள்.